பழைய பிக்கப்பா, புதுசா? சின்னசேலத்துக் கணக்கு

தை பிறந்து மக்காச்சோள அறுப்பு மும்முரமானால், வண்டி வாங்க யோசனை கேட்டு யாராவது என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். இந்த முறை வந்தவன் என் அக்கா மகன். இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருந்தான். ஒன்று 2018-இல் பதிவான மஹிந்திரா பொலிரோ பிக்கப். பிஎஸ் 4 புகை விதிக் காலத்தது, இரண்டு ஓனர் கைமாறியது. மற்றது ஷோரூமில் நின்ற பொலிரோ மேக்ஸ் பிக்கப் எச்.டி., 2 டன் ஏற்றும் வகை. "விலையை வச்சுப் பாத்தா பழசு பாதிக்குப் பாதி மாமா, அதையே முடிச்சுடட்டுமா?" என்றான். விலையை வைத்து மட்டும் முடிவெடுக்காதே என்று சொல்லி உட்காரவைத்தேன். அன்று அவனுக்குச் சொன்னதையும், பிறகு இருவரும் சேர்ந்து போட்ட கணக்கையும்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் பக்கத்து லோடு வண்டிகளில் தலைமுறை மாறியதை எங்கள் வயதுக்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். 1988-இல் டாடா மொபைல் வந்தது. அந்த வழியில் வந்த 207 வெகுகாலம் சந்தைகளை ஆண்டது. 2005-இல் டாடா ஏஸ் வந்ததும் ஊரே அதைக் குட்டி யானை என்றது. 2011-இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த், 2017-இல் டாடா யோதா, 2019-இல் இன்ட்ரா, 2020-இல் படா தோஸ்த், 2022-இலிருந்து பொலிரோ மேக்ஸ் என்று வரிசை நீண்டது. ஆனால் பெயர் மாறியதெல்லாம் தலைமுறை மாற்றம் இல்லை. வாங்குகிறவன் மனதில் வைக்க வேண்டிய தேதிகள் இரண்டுதான்: 2017 ஏப்ரல் 1, 2020 ஏப்ரல் 1. முதல் தேதியோடு நாடு முழுவதும் பிஎஸ் 3 வண்டி விற்பனை நின்றது. இரண்டாவது தேதியில் பிஎஸ் 6 வந்தது. டீசலில் இருந்த கந்தகமும் 50 பிபிஎம்மிலிருந்து 10-க்கு இறங்கியது.

பிஎஸ் 3 காலத்து எஞ்சின்களில் பலவற்றை நம் ஊர்ப் பட்டறையில் ஸ்பேனரும் காதும் வைத்தே சரிசெய்துவிடுவார்கள். பம்பைக் கழற்றி, நாசிலைத் தட்டிப் பார்த்து, மதியத்துக்குள் வண்டியை அனுப்பிவிடுவார்கள். பிஎஸ் 4 பிக்கப்புகளில் காமன் ரெயில் வந்தது. சென்சார்கள் வந்தாலும் ஆத்தூரிலோ கள்ளக்குறிச்சியிலோ ஸ்கேனர் வைத்திருக்கிற மெக்கானிக்கால் சமாளிக்க முடிந்தது. பிஎஸ் 6-இல் மாறியது எஞ்சினைவிடப் புகைக்குழாய்தான். கரித்துகளைப் பிடித்துவைத்து எரிக்கும் வடிகட்டி, அதன் வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளக்கும் சென்சார்கள், சில வண்டிகளில் யூரியாக் கரைசல் தொட்டி என்று ஒரு சிறிய ஆலையையே வண்டியின் அடியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். 2023 ஏப்ரலில் வந்த இரண்டாம் கட்ட விதிகள், சாலையில் ஓடும்போதும் புகை வரம்புக்குள் இருக்க வேண்டும் என்றன. சந்தை வாசலில் நாள் முழுக்க நிற்கும் சுமைக்காரர்களின் நெஞ்சை நினைத்தால் இது வரவேற்க வேண்டிய மாற்றம். செலவு ஏறியதும் உண்மை.

அமெரிக்காவில் முழு அளவு பிக்கப் என்றால் ஃபோர்டு எஃப் 150 போன்ற வண்டி. 250, 300 குதிரைத்திறனுக்கு மேல் எஞ்சின் இருக்கும், குடும்பமே ஏறிப் போகும்; தொட்டியில் ஏற்றும் சுமை என்னவோ ஒரு டன்னை ஒட்டித்தான். அக்கா மகன் பார்த்த புது வண்டிக்கு 80 குதிரைத்திறன், சுமை 2 டன். வேகத்தை விட்டுக்கொடுத்து, கியரைத் தாழ்த்தி வைத்து, இழுவையை வாங்கிக்கொண்ட வடிவமைப்பு இது. அதனால் அங்கே எழுதப்படும் ஒப்பீடுகளைப் படித்துவிட்டு இங்கே வண்டி வாங்கக் கூடாது. நம்முடைய வண்டி பிழைப்புக்கானது.

இனி இரண்டையும் பக்கத்தில் நிறுத்துகிறேன். முதலில் சுமை. பழைய வண்டியின் ஆர்.சி.யில் 1,250 கிலோ என்று இருக்கிறது. ஆனால் இங்கே 1,250 கிலோ ஏற்றி யார் நிறுத்துகிறார்கள்? மரவள்ளி வயலில் மூட்டை கட்டி முடியும்வரை ஏற்றுகிறார்கள். இரண்டு டன் தாண்டினாலும் வண்டி இழுக்கத்தான் செய்யும். 2019 திருத்தத்துக்குப் பிறகு கூடுதல் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய், மேலே ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒருமுறை மாட்டினால் ஒரு மாதத் தவணை போய்விடும். புது வண்டியில் அதே இரண்டு டன் சட்டப்படியான சுமை. ஆண்டு முழுக்க ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலைக்கு ஓடுகிறவனுக்கு, இரண்டு தலைமுறைகளுக்கும் நடுவில் உள்ள மிகப் பெரிய வித்தியாசம் அந்த 750 கிலோதான். ஷோரூமில் காட்டும் திரையும் செல்போன் செயலியும் அதற்கப்புறம்தான்.

மரவள்ளியைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுக்க ஆரம்பித்துவிடும். வழியில் நின்றுபோன வண்டியின் செலவு மெக்கானிக் கூலியோடு முடியாது. கிழங்குக்காரர் அடுத்த முறை வேறு வண்டியைக் கூப்பிடுவார். இந்த இடத்தில் உத்தரவாதமுள்ள புது வண்டி ஒரு படி மேலே நிற்கிறது. மக்காச்சோள மூட்டைக்கு அந்த அவசரம் இல்லை.

அடுத்தது மலை. கச்சிராயபாளையத்தில் கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஏறுவதைவிட இறங்குவதில்தான் வண்டியின் வயசு வெளிப்படும். கடுக்காயும் புளியும் மரவள்ளியும் ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் இறங்கும்போது கியர் தானாக நழுவினால் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டியிருக்கும். டிரம் சூடேறினால் அதுவும் கைவிடும். பழைய வண்டியை மலைக்கு எடுக்கிறவன் ஹப், லைனர், கியர் பாக்ஸ் மூன்றையும் முதலிலேயே பிரித்துப் பார்த்துவிட வேண்டும். புது பிஎஸ் 6 வண்டிக்கு மலை ஆகாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. சுமையோடு ஏறும்போது புகை நன்றாகச் சூடேறுவதால் வடிகட்டியில் சேர்ந்த கரி எரிந்துவிடும். அடைப்பு வருவது ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் ஓடி, நின்று, மறுபடி இரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குத்தான். டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால் நெடுஞ்சாலையில் ஏறித் தலைவாசல்வரை ஒரே சீராக ஓட்டிவிட்டு வரச் சொல்கிறார்கள்; பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. எரியும் விளக்கைப் பாராமல் பத்து நாள் ஓட்டினால் சர்வீஸ் சென்டரில்தான் போய் நிற்க வேண்டும்.

வாரச் சந்தை முடிந்து மலைக்குத் திரும்பும் வண்டிகளில் மூட்டைகளுக்கு மேல் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து போவதை இன்றும் பார்க்கிறேன். பேருந்து குறைவு, அவர்களுக்கும் வேறு வழி இல்லை. ஆனால் வண்டி புரண்டால் அந்த உயிர்களுக்குக் காப்பீடு துணை நிற்காது. பழசோ புதுசோ, தொட்டியில் ஆளை ஏற்றாதே என்று அக்கா மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

பணக் கணக்குக்கு வருகிறேன். புது வண்டிக்குக் கையில் இருப்பதைக் கட்டிவிட்டு 9 லட்சம் கடன், குறையும் நிலுவைக்கு 10 சதவீத வட்டி, நான்கு ஆண்டு என்று வைத்துக்கொண்டோம். மாதத் தவணை சுமார் 22,800 ரூபாய். பழைய வண்டிக்கு 4 லட்சம் கடன், மூன்று ஆண்டு, ஃபைனான்ஸில் சொன்னது 12 சதவீதம். "ரெண்டு பர்சென்ட்தானே மாமா கூட" என்றான். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த 12 ஃப்ளாட் வட்டி. அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முதல் நாள் அசலுக்கே போடப்படும். தவணை சுமார் 15,100. குறையும் நிலுவைக் கணக்கில் பார்த்தால் அது 21 சதவீதத்தை எட்டுகிறது. பழைய வண்டியின் விலை பாதி, கடனின் விலையோ இரட்டிப்பு.

அவனுக்கு ஆண்டில் எத்தனை நாள் லோடு உறுதி என்று கேட்டேன். மக்காச்சோளம், மரவள்ளி, இடையில் கொஞ்சம் காய்கறி சேர்த்து 150 நாள் என்றான். கரும்பு டிராக்டருக்கும் லாரிக்கும் போய்விடும். புது வண்டிக்கு ஆண்டுத் தவணையோடு சர்வீஸ் செலவு 20,000 சேர்த்து 150-ஆல் வகுத்தால், டீசல் ஊற்றுவதற்கு முன்பே ஓடுகிற ஒவ்வொரு நாளும் 1,960 ரூபாய் கேட்கிறது. பழையதற்குப் பழுதுச் செலவு 50,000 சேர்த்தும் 1,540-தான். அதே வண்டிகள் தலைவாசல் சந்தைக்குத் தினமும் ஓடி 280 நாள் வேலை பார்த்தால்? புதியதன் சர்வீஸை 35,000 என்றும் பழையதன் பழுதை 90,000 என்றும் உயர்த்திக்கொண்டு போட்டோம்: புதியது 1,100, பழையது 970. 420 ரூபாயாக இருந்த இடைவெளி 130-க்கு வந்துவிட்டது. அந்த 130 ரூபாய்க்கு 750 கிலோ கூடுதல் சுமை கிடைக்கிறது என்றால் தினம் ஓடுகிறவன் கண்ணை மூடிக்கொண்டு புதுசு எடுக்கலாம். 150 நாள்காரன் எடுத்தால், ஆனி ஆடியில் வண்டி வேப்பமரத்தடியில் நிற்கும்போதும் தவணை ஓடும்.

சில செலவுகள் இரண்டுக்கும் ஒன்று. 7,500 கிலோ மொத்த எடைக்குள் இருக்கும் வாடகைச் சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு 2022-இல் அறிவித்த கட்டணப்படி 16,049 ரூபாய். வண்டி எந்த வயதாக இருந்தாலும் அதுதான். கார் ஓட்டும் உரிமமே போதும் என்பதையும் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றில்தான் பழசு இடறும். புது வண்டிக்கு எட்டு ஆண்டுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும். 7 ஆண்டு தாண்டினால் பசுமை வரியும் உண்டு. 2018 வண்டி இந்த இரண்டு எல்லைகளையும் ஒட்டி நிற்கிறது. மறுபக்கம், புதியதன் மதிப்பு வேகமாகக் கரையும்: காப்பீட்டு அட்டவணையிலேயே ஓராண்டில் 15 சதவீதமும், ஐந்து ஆண்டில் பாதியும் கழிக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமானதால் புதியதன் விலை இறங்கியது. பழைய வண்டி விற்கிறவர் அதற்கு முந்தைய விலையைச் சொன்னால் இதை எடுத்துக் காட்டிப் பேரம் பேச வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. நடுவழி என்று எல்லோரும் அதைத்தான் காட்டுகிறார்கள். 2020, 2021-இல் வந்து இப்போது விற்பனைக்கு நிற்கும் பிஎஸ் 6 வண்டிகள். பளபளப்பாக இருக்கும், விலையும் நடுத்தரம். எனக்கு இவற்றில்தான் நம்பிக்கை குறைவு. உத்தரவாதம் முடிந்திருக்கும், புகைக்குழாயில் இருக்கும் விலை உயர்ந்த சாமான்களை முந்தைய ஓனர் எப்படி நடத்தினார் என்பது வெளியே தெரியாது. சர்வீஸ் சீட்டு முழுசாக இருந்தால் ஒழிய எடுக்காதே என்பேன்.

பத்து ஆண்டுக்கு முன் நானே ஒரு பழைய வண்டி வாங்கிச் சூடுபட்டவன். முழுப் பணமும் கொடுத்தேன், ஆர்.சி. கைக்கு வந்தது, முந்தைய ஓனரின் கடன் தீரவில்லை. நெல் ஏற்றிக்கொண்டு போனபோது வழியில் மறித்து வண்டியை எடுத்துப் போனார்கள். மூட்டைகளைச் சாலையோரம் இறக்கி வைத்துவிட்டு இரவு முழுக்கக் காவல் இருந்தேன். அதனால் வண்டியைப் பார்க்கும் முன் பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டு, எச்.பி. என்னும் கடன் பதிவு, அபராதம், எஃப்.சி., காப்பீடு நான்கையும் பார்த்துவிடுவேன்.

அவனுடைய 150 நாளுக்குப் பழசே போதும் என்று, 2018 வண்டியைப் பார்க்க அதிகாலையிலேயே போனோம். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும். நீலப்புகை இல்லை. ஆயில் மூடியைத் திறந்தபோது புகை குபுகுபுவென்று அடிக்கவும் இல்லை. எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. பிறகு மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்தார். பின்பக்க ஸ்பிரிங் பட்டையில் இரண்டு கூடுதல் பிளேட், பட்டை மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் சேஸில் வெல்டிங் வைத்து மேலே கறுப்பு அடித்திருந்தது. ஆர்.சி.யில் 1,250 கிலோ என்று இருந்த வண்டி இத்தனை ஆண்டும் எவ்வளவு சுமந்தது என்று அந்த வெல்டிங் சொல்லிவிட்டது. எஞ்சினைப் பிரித்துக் கட்டலாம். விரிசல் விட்ட சேஸை வைத்துக்கொண்டு வெள்ளிமலை இறக்கத்தில் இறங்க முடியாது. வேண்டாம் என்று எழுந்துவிட்டோம்.

இரண்டு வாரம் கழித்து இன்னொன்று கிடைத்தது. 2019 வண்டி, ஒரே ஓனர், காய்கறி லோடு மட்டும். கடலோரம் மீன் ஏற்றிய வண்டி இல்லை என்பதால் அடியில் துரு இல்லை. பட்டையும் கம்பெனி போட்டபடியே இருந்தது. பென்சிலால் தேய்த்து எடுத்த சேஸ் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போனது. முன்பணம் கொடுத்தாயிற்று. எச்.பி. ரத்துக்கான படிவம் 35-இல் ஃபைனான்ஸ்காரர் கையெழுத்து விழுந்து கைக்கு வரும்வரை மேலே ஒரு ரூபாய் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். அந்தத் தாளுக்காகக் காத்திருக்கிறோம்.