பாலாத்துத் தண்ணியாலயா, சார்?

போன மாதம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் என் பழைய மாணவி ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். ஷூ கம்பெனியில் தையல் வேலை. கூடவே நான்கு வயதுப் பையன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, பேச்சும் வரவில்லை. ஒரு பாட்டில் மூடியைத் தரையில் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

"எங்க லைன்ல மட்டும் மூணு பேருக்கு இப்படிப் பசங்க இருக்காங்க சார். பாலாத்துத் தண்ணியாலயா சார்?"

மாமியார் சொல்லும் காரணம் வேறு. பெற்றவள் வேலைக்குப் போனதுதானாம், குழந்தை கையில் செல்போனைக் கொடுத்ததுதானாம். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்தியவன், அன்றைக்கு ஒன்றும் சொல்லத் தெரியாமல் பஸ் ஏறிவிட்டேன். அதன் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாமியார் சொன்னதற்குப் பெரிய படிப்பாளிகளின் துணையே ஒரு காலத்தில் இருந்தது. 1943-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் இந்தக் குறைபாட்டுக்குத் தனி அடையாளம் கிடைத்தது. பிறவியிலேயே வருவது என்றுதான் அவர் அதில் எழுதினார். ஆனால் அந்தப் பெற்றோர்கள் பாசத்தை வெளிக்காட்டாதவர்கள் என்றும் சேர்த்து எழுதிவைத்தார். பின்னால் வந்தவர்கள் முதல் விஷயத்தை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். 'ஐஸ் பெட்டி அம்மா' என்று ஒரு பட்டமே உண்டானது. புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் இதை வைத்து ஒரு புத்தகமே எழுதிப் புகழ் பெற்றார். எத்தனை தாய்மார்கள் அதைப் படித்து அழுதார்களோ!

அதை எதிர்த்து முதலில் வலுவாக எழுதியவர் பெர்னார்ட் ரிம்லண்ட், 1964-இல். அவர் மனநல ஆய்வாளர். அதைவிட முக்கியம், இப்படி ஒரு மகனுக்கு அப்பா. 1977-இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் என்ற இருவர் இங்கிலாந்தில் 21 ஜோடி இரட்டையரை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம். மற்ற 10 ஜோடிகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. பிறப்பின் பங்கு பெரியது என்பது அதிலிருந்து உறுதிப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது. அப்பாவின் வயது, குறைப்பிரசவம், கர்ப்ப காலத்தில் எடுத்த சில வலிப்பு மாத்திரைகள் ஆகியவற்றுக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. அம்மா வேலைக்குப் போவது அந்தப் பட்டியலில் இல்லை.

தடுப்பூசியும் இல்லை. 1998-இல் வேக்ஃபீல்ட் என்பவர் வெறும் 12 குழந்தைகளை வைத்துக் கிளப்பிய புரளி அது. வெளியிட்ட பத்திரிகையே 2010-இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2017-இல் நம் பள்ளிகளில் தட்டம்மை ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் வந்த பீதி உங்களுக்கு நினைவிருக்கும்.

இனி தண்ணீர் விஷயம். இதே கேள்வியை நமக்கு முன்னால் கேட்ட ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து பிரிக் டவுன்ஷிப். 1997 வாக்கில் அங்கே சில பெற்றோர்கள் தங்கள் தெருக்களில் எத்தனை குழந்தைகளுக்கு ஆட்டிசம் என்று தாங்களே கணக்கெடுத்தார்கள். தொகை பெரிதாக இருந்தது. ஆற்றுத் தண்ணீரா, ஊருக்குப் பக்கத்துக் குப்பைக் கிடங்கா என்று அரசைக் கேட்டார்கள். நோய்க் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து ஆட்கள் வந்து 3 முதல் 10 வயது வரையான குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். 60 பேர், அதாவது ஆயிரத்துக்கு 6.7. குடிநீரில் இருந்த ரசாயனங்களுக்கும் இதற்கும் தொடர்பு தெரியவில்லை.

அதோடு முடியவில்லை. பல மாநிலங்களில் 2000-ஆம் ஆண்டு நிலவரத்தை அதே மையம் எண்ணிப் பார்த்தது. வந்த விடை 150-க்கு ஒன்று. கணக்குப் போட்டுப் பாருங்கள், அதே 6.7! பிரிக் பெற்றோர்கள் எண்ணியது தப்பில்லை. மற்ற ஊர்களில் யாரும் எண்ணியிருக்கவில்லை, அவ்வளவுதான். 2022 கணக்குப்படி அங்கே 31-க்கு ஒன்று. இந்த ஏற்றத்தில் பெரும்பங்கு, இலக்கணம் விரிந்ததாலும் தேடிப் பார்ப்பதாலும் வந்தது. முன்பு வேறு பெயர் சொல்லப்பட்ட குழந்தைகளும், எந்தப் பெயரும் சொல்லப்படாத குழந்தைகளும் இப்போது இந்தக் கணக்கில் வருகிறார்கள்.

நம் நாட்டிலும் இதே கதைதான். 1995-ஆம் வருடத்து ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனிக் கட்டம் இல்லை. 2016 சட்டத்தில்தான் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்ந்தது. 2013-இல் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் வந்தபின் பால்வாடிக்கே மருத்துவக் குழு வந்து பார்க்கிறது. பார்த்தால் தெரியத்தானே செய்யும்?

என் சின்ன வயதில், 1960 வாக்கில், எங்கள் தெருவில் ஒரு பையன் இருந்தான். அப்போது டேனரிகளில் குரோம் பெரிதாக வரவில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். பட்டை வண்டிகள் வரும்போது வாசலில் நின்று கட்டுகளை எண்ணுவான். வண்டிக்காரன் சொல்லும் கணக்கு தப்பாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு கத்துவான். நாங்கள் அவனை 'லூசு' என்றோம். தர்காவில் தாயத்து கட்டினார்கள், கோயிலில் மொட்டை போட்டார்கள். டாக்டரிடம் கூட்டிப்போனதாக நினைவில்லை. ஒரு பையனை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் அந்த மூடி சுழன்றபோது எனக்கு அவன் முகம்தான் வந்தது.

இதை எழுதுவதால் பாலாற்றைக் கெடுத்தவர்களுக்கு நான் நற்சான்று கொடுப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். குரோமியத்தால் ஆட்டிசம் வருகிறது என்று நிரூபணம் ஆனதில்லை. ஆனால் நம் கிணறுகளைக் கெடுத்ததில் தோலைப் பதப்படுத்தும் உப்புக்குப் பெரும்பங்கு உண்டு. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலை குவித்துவிட்டுப் போன கழிவு லட்சம் டன்னுக்கு மேல். அதில் இருப்பது புற்றுநோய் தரக்கூடிய வகைக் குரோமியம். வேலூர் மக்கள் நலப் பேரவை போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுப்போனது என்ற ஆய்வைச் சொல்கிறது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடியும் நஷ்டஈடு, ஆற்றைச் சீர்செய்வது பற்றி உத்தரவு போட வேண்டியிருந்தது. இடையில் ஓடியது 28 வருடம். இந்தக் குற்றங்களே போதும். நிரூபணம் ஆகாததையும் சேர்த்து ஏற்றினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குத்தான் வசதி.

போன வாரம் அவளுக்குப் போன் செய்தேன். "உன்னால வந்தது இல்லம்மா, அதை முதல்ல மனசுல வை" என்றேன். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் நம்பிக்கை நிலையத்தைப் பற்றிச் சொன்னேன். குழந்தையோடு பெற்றவரும் தங்கிப் பயிற்சி பெறும் ஏற்பாடு அங்கே பல வருடங்களாக உண்டு.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "கம்பெனில அவ்வளவு நாள் லீவு தருவாங்களா தெரியல சார். எங்க அத்தையக் கேட்டுப் பார்க்கிறேன், முதல்ல அவங்க கூடப் போய்த் தங்குவாங்களான்னு" என்றாள்.