ஒரு மூளை, பல பணிகள்



சதாவதானம் என்னும் அருங்கலையைப் பற்றி நீங்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். 1907 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10 ஆம் நாள், சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் அதனை நிகழ்த்திக் காட்டிப் பெரும்புகழ் பெற்றார். அவதானத்தில் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். மற்றொருவர் கணக்கொன்றைச் சொல்லுவார். வேறொருவர் இடையிடையே மணியடிப்பார். இன்னுமொருவர் முதுகின்மேல் நெல்லெறிவார். இறுதியில் எல்லாவற்றிற்கும் விடை வந்தாக வேண்டும். இத்தனைக்கும் மூளை ஒன்றே! ஒரு வினாவிற்குச் சிறிது நேரம் கருத்தைக் கொடுத்து, விட்ட இடத்தை நினைவில் நிறுத்தி, அடுத்ததற்குச் செல்வதே அவதானியின் திறம் என்று நான் கருதுகிறேன். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் இதுவேயாகும். ஆனால் இங்கே அவதானி, விரல்நகம் போன்றதொரு மின்னணுச் சில்லு.

எளிய கணிப்பொறியின் செயலகமும் ஒரு நேரத்தில் ஒரு கட்டளையையே நிறைவேற்றும். பல பணிகளை அதனிடம் ஒப்படைக்க இருவழிகள் உண்டு. மேற்பார்வையாளன் ஒருவனை அமர்த்தி, நேரம் முடிந்ததும் ஒரு பணியை வலிந்து நிறுத்தி மற்றொன்றைத் தொடங்கச் செய்தல் ஒரு வழி. ஒவ்வொரு பணியும் சிறிதளவு வேலை செய்தபின், தானே விலகி அடுத்ததற்கு இடங்கொடுத்தல் மற்றொரு வழி. பின்னதைக் கூட்டுறவு முறை எனலாம். பாதியில் நின்று, பின்னர் நின்ற இடத்திலிருந்தே தொடரும் நிரலைப் பற்றி மெல்வின் கான்வே என்னும் அமெரிக்கர் 1963 ஆம் ஆண்டிலேயே கட்டுரை வெளியிட்டார்.

இம்முறைக்குப் பெருஞ்சோதனை நேர்ந்த இடம் நிலவுலகமன்று, சந்திரமண்டலம். அப்பல்லோ விண்கலத்தின் கணிப்பொறியில் மாற்றி எழுதத்தக்க நினைவகம் 2,048 சொற்களே. ஹால்கோம்ப் லானிங் என்பவர் வகுத்த நிருவாக நிரல் அதனை ஆண்டது. ஒவ்வொரு பணியும் தன்னினும் முதன்மையான பணி காத்திருக்கின்றதா என அடிக்கடி பார்த்து, இருப்பின் ஒதுங்குதல் வேண்டும். அவ்வாறு பாராமல் ஏதேனும் ஒரு பணி நெடுநேரம் ஓடுமாயின், "இரவுக் காவலன்" எனப் பெயரிட்ட சுற்று பொறியையே மீண்டும் தொடங்கச் செய்யும். 1969 ஆம் ஆண்டு சூலை 20 ஆம் நாள், தரையிறங்கும் வேளையில், ரேடார்க் கருவியொன்று வீணாக நேரத்தைக் கவர்ந்தமையால் பணிகள் குவிந்தன; 1202 என்னும் அபாய எண் ஒளிர்ந்தது. பொறி மீண்டும் தொடங்கி, முதன்மையல்லாத பணிகளைக் கைவிட்டு, கலத்தைச் செலுத்தும் பணியை மட்டும் விடாது நடத்திற்று. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்டிரினும் நலமே இறங்கினர்.

ஆயினும் இம்முறைக்கு ஒரு குறை உண்டு. 1990களின் தொடக்கத்தில் வழங்கிய விண்டோசு 3.1 முறையில், ஒரு நிரல் இடங்கொடாது நின்றுவிட்டால் ஏனையவும் நின்றுபோகும். ஆகவே பெரிய கணிப்பொறிகள் மேற்பார்வை முறைக்கு மாறின. அப்படியானால் பழைய முறை மாண்டதா? இல்லை, சிறிய பலகைகளில் அது வாழ்கின்றது.

2005 இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் தோன்றியது ஆர்டுயினோ. அவ்வரிசையில் 2010 இல் வந்த யூனோ பலகையின் நினைவகம் 2,048 பைட்டுகளே. மேற்பார்வை முறையில் ஒவ்வொரு பணிக்கும் தனியே நினைவிடம் ஒதுக்க வேண்டும். அதற்கு இங்கே இடமேது? சுவீடன் நாட்டு ஆடம் டங்கெல்சும் அவர்தம் தோழரும் 2006 இல் விளக்கிய முறையில், ஒரு பணி தான் நின்ற இடத்தை நினைவில் வைக்க இரண்டு பைட்டுகளே போதும். வறுமையிற் செம்மை என்பது இதுவன்றோ!

நான் வாழும் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர். இங்குள்ள சூளையொன்றில் இத்தகைய பலகையைப் பொருத்துவதாகக் கொள்வோம். அது வெப்பத்தை அளக்க வேண்டும். எரிபொருளைக் கூட்டிக் குறைக்க வேண்டும். அளவைத் திரையிற் காட்ட வேண்டும். பொத்தானை அழுத்தினால் கேட்க வேண்டும். புதிதாக நிரல் எழுதும் மாணவன், "ஒரு நொடி காத்திரு" என்று எளிதாக எழுதிவிடுகிறான். அந்த ஒரு நொடியும் சில்லு வேறெதையும் பாராது. திரைப்பணி வாராத மறுமொழிக்காகக் காத்து நின்றுவிட்டாலோ, எரிபொருள் திறந்தபடியே இருக்கும், வெப்பம் ஏறும், அடுக்கிய பொம்மைகள் குழைந்து, பலநாள் உழைப்பும் கூலியும் பாழாகும். ஆதலின், "காத்திரு" என்பதை விடுத்து, "நேரமாயிற்றா என்று பார், ஆகவில்லையெனில் விலகு" என எழுதுதல் வேண்டும். அவதானிக்கு மணியோசை போலக் காத்திராது வரும் செய்திகளுக்கு இடைமறிப்பு என்னும் ஏற்பாடு உண்டு. இரவுக் காவலனைப் போன்ற காவற்கடிகாரமும் அச்சில்லினுள்ளேயே இருக்கிறது. அதனையும் நம்பியிராது, மிகுவெப்பத்தில் எரிபொருளைத் தானே அடைக்கும் தனிக்கருவியொன்றை அமைத்தல் அறிவுடைமை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் மகிழ்வுடன் சொல்லும் செய்தியொன்றுண்டு. 1971 இல் வந்த இன்டெல் 4004 என்னும் நுண்செயலி வெண்பீங்கான் உறையில் வெளியாயிற்று. யூனோவின் முதன்மைச் சில்லுக்கு நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்புத் தந்து காலங்காட்டுவதும் ஒரு சிறு பீங்கான் துண்டமே. சூளைத் தொழிலும் சில்லுத் தொழிலும் உறவினரே என்பதை உணருங்கள்.

மாணவர்களே, இம்முறையை ஏட்டில் படித்ததோடு நில்லாதீர்கள். ஒரு பலகை, மூன்று விளக்குகள், ஒரு பொத்தான் ஆகியவற்றைக் கொண்டு, விளக்குகள் வெவ்வேறு கால அளவில் மின்னவும், பொத்தானை எப்போது அழுத்தினும் உடனே மறுமொழி கிட்டவும் நிரல் எழுதுங்கள். ஒரு விளக்கு தயங்குமாயின், எந்தப் பணி தன் முறையைக் கடந்து நிற்கின்றது என்று தேடிக் கண்டுபிடியுங்கள். அத்தேடலே உங்களுக்கு நல்லாசிரியனாகும்.