சாந்தோமில் இரண்டு அயல்மொழிகள்

சாந்தோம் கடற்கரைக்கு ஐரோப்பாவிலிருந்து முதலில் வந்து சேர்ந்த மொழி போர்த்துகீசியம். 1520களில் பறங்கியர், அதாவது போர்த்துகீசியர், இங்கே குடியேறினர். 1606இல் மயிலாப்பூர் தனி மறைமாவட்டமே ஆயிற்று. அவர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த வணிகர்களுக்கும் படகுக்காரர்களுக்கும் வீட்டு வேலைக்காரர்களுக்கும் அந்த மொழியைக் கற்பிக்கப் பாடப்புத்தகமோ பரீட்சையோ இருக்கவில்லை. ஆனாலும் 1639இல் ஆங்கிலேயர் வடக்கே சில மைல் தள்ளி நிலம் பெற்றபோது, சோழமண்டலக் கரையின் வணிகப் பொதுமொழியாக இருந்தது போர்த்துகீசியம்தான். அங்கே ஆங்கிலேயர் கட்டிய கோட்டையின் சிப்பாய்கள் மணந்த பெண்கள் பலரும் அதையே பேசினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பும் பாதிரிமார் வந்திறங்கிய ஓராண்டுக்குள் போர்த்துகீசியம் கற்றாக வேண்டும் என்று 1698ஆம் ஆண்டின் சாசனம் விதித்தது. ஜன்னல், சாவி, அலமாரி, ஏலம் எல்லாம் அந்தப் பேச்சுவழக்கு நம் வீடுகளில் விட்டுச்சென்றவை. வாய்வழியே பரவிய மொழி அது.

ஆங்கிலம் வந்த வழி வேறு. 1749இல் சாந்தோம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. முதல் தலைமுறை துபாஷிகள், அதாவது மொழிபெயர்த்துச் சொல்லும் இடைத்தரகர்கள், துரைமாரோடு நாள் முழுவதும் பேசிப் பழகித்தான் ஆங்கிலம் கற்றார்கள். கம்பெனி உத்தியோகம் பெருகப் பெருக அந்தப் பழக்கத்தின் இடத்தைப் பள்ளிக்கூடம் பிடித்தது. கம்பெனியின் மேல்முறையீட்டு நீதிமன்றமான சதர் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த வெண்ணெலகண்டி சுப்பாராவ், 1820இல் சென்னைப் பள்ளிப் புத்தகச் சங்கத்துக்கு எழுதிய அறிக்கையில், பிள்ளைகள் பொருள் புரியாமலே ஆங்கிலம் வாசிக்கிறார்கள் என்று குறைப்பட்டிருக்கிறார். இருநூறு ஆண்டுகள் கழித்தும் அதே குறை கேட்கிறது என்றால் பிள்ளைகளின் அறிவைச் சந்தேகிப்பதில் பொருளில்லை. ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்று 1844இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் அறிவித்தார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகமும் அதன் மெட்ரிகுலேஷன் தேர்வும் வந்தன. அதன்பின் ஆங்கிலம் என்பது எழுதித் தேறவேண்டிய ஒன்றானது. அதைப் பேசுவதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும் என்ற எண்ணமே கல்வித்திட்டத்தில் இடம்பெறவில்லை.

கரையோரத்தில் பேசப்பட்ட போர்த்துகீசியம் கொச்சையானது, லிஸ்பனில் அது செல்லாது, அதையா முன்மாதிரியாகக் கொள்வது என்று கேட்கலாம். கொச்சைதான், மறுக்கவில்லை. ஆனால் கொச்சையாகப் பேசியவனை யாரும் மட்டம் தட்டவில்லை, அதனால் அவன் வாயை மூடிக்கொள்ளவில்லை. ஆங்கிலமோ பதவியோடும் அந்தஸ்தோடும் பிணைந்து வந்தது. ஒரு பிழை பேசுபவனின் குடும்பத்தையும் படிப்பையும் காட்டிக்கொடுத்துவிடும் என்ற அச்சம் கூடவே வந்தது. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது, ஆங்கிலத்தில் நடுவில் நிற்கிறது, ஆகவே ஆங்கிலம் பேசுவதில் இடர்ப்பாடு இயற்கைதான் என்பாரும் உண்டு. போர்த்துகீசியத்திலும் வினை நடுவில்தான் நிற்கிறது. அது இந்தக் கரையின் வணிகர்களைத் தடுக்கவில்லை.

மயிலாப்பூர் வக்கீல்களைச் சுட்டுவது இதைவிட வலுவான மறுப்பு. அவர்களும் இதே பள்ளிகளில் படித்து, வெள்ளைக்காரரே வியக்கும்படி வாதாடினார்களே? வெள்ளிநாக்கு என்று புகழப்பட்ட சீனிவாச சாஸ்திரியும் பள்ளிக்கூடத்தில் கற்றவர்தானே? உண்மை. ஆனால் பள்ளியை விட்டபின் அவர்களுக்கு 1862இல் அமைந்த உயர்நீதிமன்றம் இருந்தது, சட்டசபை இருந்தது, வி. கிருஷ்ணசாமி அய்யர் லஸ்ஸில் நிறுவிய ரானடே நூலகம் போன்ற கூடும் இடங்கள் இருந்தன. கூச்சம் தீரும்வரை தினமும் பேசிப் பழகும் வாய்ப்பு அவர்களுக்கு வாய்த்தது. அந்த இடங்களுக்குள் யார் நுழைய முடிந்தது என்பதில் சாதியும் பணமும் இருந்தன. சாந்தோமிலேயே இந்த வேறுபாட்டைக் காணலாம். 1907இல் தொடங்கிய செயின்ட் பீட்ஸ் ஓர் ஆங்கிலோ இந்தியப் பள்ளி. ஆங்கிலத்தையே வீட்டுமொழியாகக் கொண்ட சமூகத்துக்கென வகுக்கப்பட்ட முறையைச் சேர்ந்தது. அதற்கு நடந்துபோகும் தூரத்தில் நொச்சிக்குப்பம். அங்கே மீன் விற்கும் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு ஆங்கிலம் கேட்கக் கிடைப்பது ஆசிரியர் வாயிலிருந்து மட்டும்தான். அந்த ஆசிரியரும் பெரும்பாலும் எழுத்தில் கற்றவரே.

சீர்திருத்தம் நடக்காமல் இல்லை. 1950களில் சென்னை மாநிலம் வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகப் பழக்கும் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்து, ஆசிரியர்களுக்குப் பெரிய அளவில் பயிற்சியும் கொடுத்தது. வகுப்பில் வாய்கள் அசைந்தன. ஆனால் அவை சொன்னதையே திரும்பச் சொல்லின. அந்தக் குறையைச் சரியாக இனங்கண்டவர் சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் சில பள்ளிகளில் அவர் நடத்திய சோதனையில், மாணவர்கள் இலக்கணத்தை மனனம் செய்யாமல், ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் வைத்துக் கணக்குகளுக்கு ஆங்கிலத்தில் விடை தேடினார்கள். உலகெங்கும் மொழிக் கல்வியாளர்கள் அந்தச் சோதனையைப் படிக்கிறார்கள். நம் பள்ளிகளில் அது நிலைக்கவில்லை. 2012க்குப் பிறகு அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. அறிவியலையும் கணக்கையும் ஆங்கிலத்தில் மனனம் செய்யும் பிள்ளைக்கு இரண்டு சுமை. பேச்சு மட்டும் வரவில்லை. பயிற்றுமொழியை மாற்றுவதற்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையாவது, தினமும் அரை மணி நேரம் பிழையோடு பேச விடும் வகுப்புக்கும், அதை நடத்தத் தெரிந்த ஆசிரியருக்கும் ஒதுக்க வேண்டும். அரசும் பள்ளி நிர்வாகங்களும் இதை நொச்சிக்குப்பத்துப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பறைகளிலிருந்து தொடங்கட்டும்.