கோழி தப்பியது, ஆடு மாட்டியது

வர்த்தக ஒப்பந்தம் என்றால் ஆயிரக்கணக்கான பக்கங்கள், வரி அட்டவணைகள். சாதாரண மக்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. ஆனாலும் பிரிட்டன் மக்கள் வர்த்தகத்தைப் பற்றி நெடுங்காலமாக விவாதித்து வருகிறார்கள். எப்படி? சாப்பாட்டை வைத்துத்தான்!

1903-ல் ஜோசப் சேம்பர்லின், பேரரசுக்கு வெளியிலிருந்து வரும் பொருட்களுக்கு வரி போட வேண்டும் என்று பிரசாரம் தொடங்கினார். எதிர்த்த லிபரல் கட்சியினர் ஒரு பெரிய ரொட்டியையும் ஒரு சின்ன ரொட்டியையும் காட்டினார்கள். வரி வந்தால் கிடைப்பது சின்ன ரொட்டிதான் என்றார்கள். 1906 தேர்தலில் அவர்களுக்கே பெரும் வெற்றி.

நூறு ஆண்டுகள் கழித்து ரொட்டியின் இடத்துக்குக் கோழி வந்தது. 1973 முதல் பிரிட்டனின் வர்த்தகப் பேச்சுவார்த்தைகளை பிரஸ்ஸல்ஸ்தான் நடத்தி வந்தது. 2016 ஜூன் 23 அன்று 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்த பிறகு, அந்தப் பொறுப்பு லண்டனுக்குத் திரும்பியது. 2017 ஜூலையில் வர்த்தக அமைச்சர் லியாம் ஃபாக்ஸ் வாஷிங்டன் போனபோது எழுந்த கேள்வி இதுதான்: குளோரின் நீரில் கழுவிய அமெரிக்கக் கோழி இங்கே வருமா?

ஐரோப்பா அதை 1997-லேயே தடை செய்திருந்தது. குளோரின் விஷம் என்பதல்ல வாதம். பண்ணையில் சுத்தம் பார்க்காமல், கடைசியில் கழுவிச் சமாளிக்கலாம் என்று ஆகிவிடும் என்பதே பயம். மலிவாகக் கிடைத்தால் ஏழைகளுக்கு நல்லதுதானே என்று மறுதரப்பு கேட்டது. 2020-ல் விவசாயிகள் சங்கம் நடத்திய கையெழுத்து இயக்கத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். எந்த அரசும் அதன் பிறகு துணியவில்லை. 2025 மே மாதம் அமெரிக்காவுடன் உடன்பாடு ஏற்பட்டபோதும் அந்தக் கோழிக்கு அனுமதி கிடைக்கவில்லை.

ஆனால் ஆஸ்திரேலிய ஒப்பந்தம் இவ்வளவு சத்தமில்லாமல் வந்தது. 2021 டிசம்பரில் கையெழுத்தாகி 2023 மே 31-ல் அமலானது. வரியில்லாமல் வரும் மாட்டிறைச்சி முதல் ஆண்டில் 35,000 டன், பத்தாம் ஆண்டில் 1,10,000 டன். ஆட்டிறைச்சி 25,000 டன்னிலிருந்து 75,000 டன். வேல்ஸ் மலைகளில் ஆடு வளர்ப்பவர்கள் கவலைப்பட்டதில் வியப்பில்லை. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றம் வாக்களித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கையெழுத்தான காலத்தில் வேளாண் அமைச்சராக இருந்த ஜார்ஜ் யூஸ்டிஸ், பதவி போன பிறகு 2022 நவம்பரில்தான் அது நல்ல ஒப்பந்தமல்ல என்று அவையில் ஒப்புக்கொண்டார்.

கோழியை மக்கள் கண்ணால் பார்த்தார்கள், அதனால் தடுத்தார்கள். ஆடு அட்டவணைக்குள் இருந்தது, பலர் கவனிக்கவில்லை. படிக்க முடியாத ஒப்பந்தத்தை நாட்டு மக்களின் சார்பில் படிக்க வேண்டியது நாடாளுமன்றம்தான். அதற்கே முழு அதிகாரம் இல்லையென்றால், மேய்ப்பவனுக்காகப் பேசுவது யார்?