கல்லில் ஒரு வரப்புத் தகராறு

பங்காளிகளுக்குள் வரும் வரப்புத் தகராறு லேசில் தீராது. இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் தகராறில் வாதி, பிரதிவாதி இருவரும் செத்து ஆறு ஆண்டு கழித்துத்தான் தீர்வே சொல்லப்பட்டது. அதை ஊர் ஒப்புக்கொள்ள இன்னும் 81 ஆண்டுகள் ஆயின. தகராறுக்குரிய சொத்து, வேல்ஸ் மலைகளுக்கு அடியில் கிடந்த பாறை அடுக்குகள்.

வில்லியம் ஸ்மித் 1815-ல் வெளியிட்ட நிலவியல் படத்தைப் போன வாரம் பார்த்தோம். ஓர் அடுக்கை அதில் கிடைக்கும் புதைபடிவத்தை வைத்தே அடையாளம் சொல்லலாம் என்று காட்டியவர் அவர். ஆனால் அந்த வித்தை மேலே கிடந்த இளைய அடுக்குகளில்தான் நன்றாகப் பலித்தது. அடியில் மடிந்தும் நொறுங்கியும் கிடந்த பழம்பாறைகளை, 'கிரேவாக்கே' என்று பொத்தாம்பொதுவாக ஒரு பெயரிட்டு ஒதுக்கியிருந்தார்கள். நம் தாலுகா ஆபீஸ் பாஷையில் சொன்னால் புறம்போக்கு.

1831-ல் அந்தப் புறம்போக்கை அளக்க இருவர் கிளம்பினார்கள்.

ஒருவர் ஆடம் செட்ஜ்விக். பாதிரியார் வீட்டுப் பிள்ளை, தானும் பாதிரியார், கேம்பிரிட்ஜில் நிலவியல் பேராசிரியர். அவர் வடக்கு வேல்ஸைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கோடையில் சில நாட்கள் அவருடன் கல் பொறுக்கப் போன 22 வயதுப் பையன் சார்லஸ் டார்வின். க்வும் இட்வல் பள்ளத்தாக்கில் இருவரும் புதைபடிவம் தேடிப் பாறை பாறையாக அலசினார்கள். பழைய பனியாறு உரசிவிட்டுப் போன தடங்கள் கண்ணெதிரே கிடந்தன. இரண்டு பேருமே கவனிக்கவில்லை என்று டார்வினே பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். தேடிப் போனது மட்டும்தான் கண்ணில் படும் போலிருக்கிறது. வீடு திரும்பிய பையனுக்கு பீகிள் கப்பல் பயணத்துக்கான அழைப்புக் கடிதம் காத்திருந்தது.

இன்னொருவர் ரோடரிக் மர்ச்சிசன். நெப்போலியன் காலத்துப் போர்களில் சண்டையிட்ட பட்டாளத்துக்காரர். பட்டாளத்தை விட்டபின் நரி வேட்டையே கதி என்று கிடந்தவரை நிலவியல் பக்கம் திருப்பிவிட்டதில் மனைவி ஷார்லட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. வேட்டைக்காரர் சுத்தியலோடு போனது வேல்ஸின் எல்லைப்புறத்துக்கு.

மர்ச்சிசன் இளைய அடுக்கிலிருந்து பழைய அடுக்கை நோக்கிக் கீழே இறங்கினார். அவர் பாறைகளில் டிரைலோபைட்டும் சிப்பியும் பவளமும் கொட்டிக் கிடந்தன. செட்ஜ்விக் அடியிலிருந்து மேலே ஏறினார். அவருடைய கற்பலகைப் பாறைகளில் படிவங்கள் அபூர்வம். மடிப்பையும் சாய்வையும் பார்த்துத்தான் அவர் அடுக்குகளை வரிசைப்படுத்த வேண்டியிருந்தது. 1835-ல் டப்ளினில் இருவரும் சேர்ந்து ஒரே கட்டுரையாகப் படித்தார்கள். மேலே கிடப்பது சிலூரியன்: ரோமானியரை எதிர்த்த சிலூர் குடியின் பெயரால் மர்ச்சிசன் இட்டது. கீழே கிடப்பது கேம்பிரியன்: வேல்ஸின் லத்தீன் பெயரான கேம்பிரியாவிலிருந்து செட்ஜ்விக் எடுத்தது.

நடு வரப்பு எங்கே? முந்தைய ஆண்டு பாலா என்ற இடத்துச் சுண்ணாம்புக் கல்லை நேரில் பார்த்த மர்ச்சிசன், இது என் எல்லைக்குக் கீழே, உன்னுடையதுதான் என்று வாய்மொழியாக விட்டுக்கொடுத்திருந்தார். அந்த நம்பிக்கையில் செட்ஜ்விக் நிம்மதியாக இருந்தார். 1839-ல் இருவரும் சேர்ந்து டெவோனியன் காலத்துக்குப் பெயர் வைத்தபோதுகூட உறவில் விரிசல் இல்லை.

பிறகுதான் பாலாவின் புதைபடிவங்களை உட்கார்ந்து பார்த்தார்கள். மர்ச்சிசனின் 'கீழ் சிலூரியன்' அடுக்கில் கிடைத்த அதே உயிர்கள்! செட்ஜ்விக்கின் 'மேல் கேம்பிரிய'னும் மர்ச்சிசனின் 'கீழ் சிலூரிய'னும் ஒரே நிலம். ஒரே சர்வே எண்ணுக்கு இரண்டு பட்டா.

பாதிப் பாதி பிரித்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் அப்போது உயிரின் மிகப் பழைய தடங்கள் அந்த அடுக்குகளில்தான் கிடைத்துக்கொண்டிருந்தன. எவருடைய காலம் அடிமட்டம் வரை நீள்கிறதோ, உயிரின் தொடக்கமே அவர் பெயரில் பதிவாகும். படிவங்களை வைத்துப் பேசிய மர்ச்சிசன், சிலூரியனைக் கீழே கீழே நீட்டிக்கொண்டே போனார். கடைசியில் கேம்பிரியன் என்று ஒன்று இருப்பதற்கே இடமில்லாமல் போயிற்று. செட்ஜ்விக் 1852-ல் லண்டன் நிலவியல் சங்கத்தில் வெடித்தார். சங்கத்தோடும் நண்பரோடும் அவருடைய உறவு முறிந்தது. 1855-ல் மர்ச்சிசன் அரசின் நிலவியல் சர்வேக்கே தலைவரானார். பிரதிவாதியே தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்த கதை. என் தீர்ப்பைக் கேட்டால், படிவத்தில் மர்ச்சிசன் சொன்னது சரி. நடத்தையில் செட்ஜ்விக் பக்கம்தான் நியாயம்.

1871-ல் மர்ச்சிசன் இறந்தார், 1873-ல் செட்ஜ்விக். அதன்பின் வந்தவர் சார்லஸ் லாப்வொர்த் என்ற பள்ளி ஆசிரியர்.

லாப்வொர்த் கையிலெடுத்தது கிராப்டோலைட். கருப்புக் களிப்பாறையைப் பிளந்தால், பென்சிலால் சின்னதாகக் கோடு கிழித்தது போலத் தெரியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ரம்பப் பல். ஒவ்வொரு பல்லும் ஒரு குட்டி உயிர் குடியிருந்த அறை. முழுக் கோடும் கடலில் மிதந்த ஒரு குடியிருப்பு. எங்கும் பரவின, சீக்கிரம் உருமாறின. அதனால் எந்தக் கோடு கிடைக்கிறது என்று பார்த்தாலே எந்த அடுக்கு என்று சொல்லிவிடலாம். தெற்கு ஸ்காட்லாந்தில் டாப்ஸ் லின் என்ற ஓடைச் சரிவில், பெரும் கனமான அடுக்கு என்று மற்றவர்கள் எண்ணியது உண்மையில் மெல்லிய அடுக்கொன்று திரும்பத் திரும்ப மடிந்து கிடப்பது என்று இந்தக் கோடுகளை வைத்தே அவர் நிரூபித்தார்.

1879-ல் அவர் தீர்ப்புச் சொன்னார். அடி உயிர்கள் கேம்பிரியன், மேல் உயிர்கள் சிலூரியன், சண்டைக்குரிய நடுப்பகுதி தனிக் காலம். அதற்கு ஆர்டோவிசியன் என்று இன்னொரு வேல்ஸ் பழங்குடியின் பெயர். அப்போது அவர் வேலை பார்த்த பள்ளியின் பெயரைக் கேளுங்கள்: செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரின் மெட்ராஸ் காலேஜ். நம் எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து, மூத்த பிள்ளை இளையவனுக்குச் சொல்லித்தரும் சட்டாம்பிள்ளை முறையைத் தன் ஊருக்குக் கொண்டுபோனார். அவர் விட்டுப்போன பணத்தில் எழுந்த பள்ளி அது.

லாப்வொர்த் சமாதானத்துக்காக இழுத்த கோடு, உயிரின் வரலாற்றிலும் மெய்யான கோடாகவே அமைந்தது. ஆர்டோவிசியன் முடிவில், சுமார் 44 கோடி ஆண்டுகளுக்கு முன், தென்கண்டமான கோண்டுவானாவைப் பனி மூடியது. கடல் மட்டம் இறங்கியது. கடல் உயிரினங்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பூண்டற்றுப் போயின. உயிர்கள் கூட்டமாக அழிந்த ஐந்து பேரழிவுகளில் முதலாவது அதுதான்.

1960-ல் கோபன்ஹேகனில் கூடிய சர்வதேச நிலவியல் மாநாடு ஆர்டோவிசியனை ஏற்றது. பிறகு ஒவ்வொரு காலத்தின் அடிவரப்புக்கும் உலகில் ஓரிடத்தை எல்லைக்கல்லாகக் குறிக்கத் தொடங்கினார்கள். கேம்பிரியன், ஆர்டோவிசியன் இரண்டுக்கும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து. சிலூரியனுக்கு, லாப்வொர்த் கோடுகளை எண்ணிய அதே டாப்ஸ் லின். மூன்றில் ஒன்றுகூட வேல்ஸில் இல்லை.