கேளம்பாக்கம் வட்டாரமும் மறதிநோய்ப் பராமரிப்புக் கல்வியும்: கணக்கெடுப்பு முதல் பெருந்தொற்றுக் காலம் வரை

ஆய்வுச் சுருக்கம்

கேளம்பாக்கம் அடங்கிய திருப்போரூர் ஒன்றியம், இந்தியாவில் கிராமப்புற மறதிநோய் (டிமென்ஷியா) குறித்த தொடக்ககால ஆய்வுகளுள் ஒன்றின் களமாகும். நோயுடையோரைக் கணக்கிடும் பணி முந்தியது. அவர்களுக்கும் அவர்களைப் பேணுவோருக்கும் கற்பிக்கும் பணி பிந்தியது. இந்த இடைவெளியைக் கொரோனா பெருந்தொற்று வெளிப்படுத்தியதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மறதிநோய், பராமரிப்பாளர், கேளம்பாக்கம், திருப்போரூர், பெருந்தொற்று, பொதுமுடக்கம்.

முன்னுரை

பழைய மாமல்லபுரம் சாலையில் அமைந்த கேளம்பாக்கத்தின் கிழக்கே கோவளம் மீனவர் குடியிருப்பும், வடக்கே சிறுசேரித் தகவல்தொழில்நுட்பப் பூங்காவும் உள்ளன. ஊரிலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. உப்பளத் தொழிலாளர், மீனவர், மென்பொருள் பணியாளர் எனப் பலதரப்பட்ட குடும்பங்கள் வாழும் இவ்வட்டாரத்தில் முதியோர் பராமரிப்பு ஒரே தன்மையதாக இருத்தல் இயலாது.

கணக்கெடுப்பின் காலம்

1984இல் சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் தோற்றுவித்த மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் (ஸ்கார்ஃப்) தமிழக மனநல ஆய்வுக்கு வலுவூட்டியது. இராஜ்குமார், குமார், தாரா ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வு, திருப்போரூர்ப் பகுதியில் 60 வயதைக் கடந்த 750 பேரை ஆராய்ந்து, அவர்களுள் 3.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருப்பதாகக் கண்டது. 'வயதானால் அப்படித்தான்' என்று குடும்பங்கள் கடந்துசென்ற நிலைக்கு இவ்வாறு ஒரு மருத்துவப் பெயரும் எண்ணும் கிடைத்தன. ஆயினும் எண் அறிந்ததனால் மட்டும் பேணும் முறை தெரிந்துவிடாது.

கற்பித்தலின் தொடக்கம்

1992இல் கேரளத்தில் தொடங்கப்பெற்ற இந்திய அல்சைமர் மற்றும் தொடர்புடைய நோய்கள் சங்கம் குடும்பங்களை ஒருங்கிணைத்தது. 1998இல் கொச்சியில் உருவான '10/66' ஆய்வுக்குழுவின் பெயரே ஓர் ஏற்றத்தாழ்வைச் சுட்டுவது: நோயுடையோருள் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, ஆய்வுகளுள் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அவர்களைப் பற்றியவை. 2008இல் வெளியான கோவா ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் இல்லந்தோறும் சென்று கற்பித்ததனால் பராமரிப்பாளரின் மனநலம் மேம்பட்டது. மருத்துவர் அல்லாதோரும் இக்கல்வியை வழங்க இயலும் என்பதற்கு இது சான்று. உலக சுகாதார நிறுவனம் பராமரிப்பாளர்க்கான 'ஐசப்போர்ட்' பயிற்சி நூலை 2019இல் வெளியிட்டது. இவற்றுள் இல்லம் தேடிச் செல்லும் முறை பெருந்தொற்றுக் காலத்தில் தடைப்படக்கூடியதாக இருந்தது.

பொதுமுடக்கத்தில் பராமரிப்பு

செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பர் 29 அன்று. நான்கே மாதங்களில், 2020 மார்ச் 25 முதல், நாடு முழுவதும் பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் செங்கல்பட்டு மாவட்டத்தின் சில பகுதிகளிலும் மீண்டும் முழு முடக்கம் விதிக்கப்பட்டது. நாள்தோறும் ஒரே ஒழுங்கில் வாழ்வதே மறதிநோயருக்கு ஊன்றுகோல். அவ்வொழுங்கு குலைந்தபோது அமைதியின்மையும், மாலை வேளைக் குழப்பமும், வெளியே செல்லும் உந்துதலும் மிகுதல் இயல்பு. முகக்கவசம் எதற்கென அவர் மறப்பார். தம் உடற்குறையை எடுத்துரைக்கவும் இயலாது.

வைத்தீஸ்வரனும் உடன் ஆய்வாளர்களும் 2020இல் சென்னைப் பகுதிப் பராமரிப்பாளர் 31 பேரின் அனுபவங்களைத் தொகுத்தனர். அவர்தம் இடர்கள் இருவகைப்பட்டன: பெருந்தொற்றால் புதிதாகத் தோன்றியவை, முன்னரே இருந்து, பெருந்தொற்றால் கடுமையானவை. இவ்விரண்டாம் வகையே வரலாற்று நோக்கில் முதன்மையானது. கற்பித்தல் முன்னரே பரவியிருந்தால் அவற்றுட் சில தணிந்திருக்கும்.

எதை, எவ்வாறு கற்பிப்பது

2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் தொலைபேசி, காணொலி வழி ஆலோசனைக்குத் தெளிவான நெறிமுறை தந்தன. எனினும், காணொலி வகுப்பு சிறுசேரியில் பணிபுரியும் மகளுக்கு எளிது. திறன்பேசி இல்லாத மீனவர் இல்லத்தில் குரல் அழைப்பும் படங்களுமே பயன்படும்.

நோயுடையவரும் கற்க வல்லவரே. அண்மை நினைவு மங்கிய பின்னும் பழகிய செயல்களின் நினைவு நெடுங்காலம் நிலைப்பதால், கைகழுவுதலை உடன் நின்று செய்துகாட்டி நாள்தோறும் ஒரே நேரத்தில் பழக்குதல் விளக்கவுரையினும் பயன் தரும். பராமரிப்பாளரோ, வாதிடாமை, மருந்து இருப்பு, தமக்கான ஓய்வு ஆகியவற்றோடு, திடீரென மிகும் குழப்பம் தொற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதை அறிதல் வேண்டும்; அதனை மறதிநோயின் முதிர்ச்சி என எண்ணிக் காலந்தாழ்த்துதல் உயிருக்கே கேடாகலாம்.

முடிவுரை

பெருந்தொற்று பராமரிப்பாளரின் அறியாமையைப் படைக்கவில்லை. கணக்கெடுப்புக்கும் கல்விக்கும் இடையே நெடுங்காலம் இருந்த வெளியைக் காட்டியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலியவற்றுக்காக இல்லங்களின் வாயிலை எட்டியுள்ளது. அவ்வழியே மறதிநோய்ப் பராமரிப்புக் கல்வியையும் கொண்டுசேர்த்தல் இயலும். ஒரு காலத்தில் முதியோர் எண்ணப்பட்ட திருப்போரூர் ஒன்றியம் அதற்குப் பொருத்தமான தொடக்கக் களமாகும்.