சொட்டும் சாயம் சொல்லும் வரலாறு



செந்தூல் என்றதும் நம் நினைவுக்கு வருவது இரயில்வே பட்டறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட அப்பட்டறையில், தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த நம் மூத்தோர் பலர் பாடுபட்டனர். இரயில் பெட்டிகளைச் செப்பனிட்டுச் சாயம் பூசுவதும் அங்கு நடந்த வேலைகளுள் ஒன்று. சாயம் பூசுகிறவருக்கு முதல் பாடம், சாயம் வழியக் கூடாது என்பதுதான். ஒரு சொட்டு வழிந்து காய்ந்துவிட்டால் அதைத் தேய்த்தெடுத்து மறுபடியும் பூச வேண்டும்.

வேலைத்தளத்தில் குற்றமாகிய அந்த வழிசல், ஓவிய உலகில் ஒரு முறையாகவே மதிப்புப் பெற்றது. அது எவ்வாறு நேர்ந்தது? அந்த மதிப்பில் யாருக்குப் பங்கு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை? இவற்றை இன்று நாம் காண்போம்.

ஐரோப்பிய ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாக எண்ணெய்ச் சாயத்தைத் தூரிகையால் தீட்டி வந்தனர். ஆளிவிதை எண்ணெயில் நிறப்பொடியைக் குழைத்துச் செய்யப்படுவது அச்சாயம். அது வெண்ணெய் போல் கெட்டியானது, தானாகச் சொட்டாது.

1936ஆம் ஆண்டில் மெக்சிகோ நாட்டு ஓவியர் சிக்கைரோஸ், நியூயார்க் நகரில் ஒரு சோதனைப் பட்டறை நடத்தினார். மோட்டார் வண்டிகளுக்குப் பூசும் தொழிற்சாலைச் சாயத்தை ஊற்றியும் தெளித்தும் வழியவிட்டும் படம் செய்யலாம் என்று அங்கே காட்டினார். தொழிலாளர்களின் சாயம் இவ்வாறு ஓவியனின் கைக்கு வந்தது. அப்பட்டறையில் பயின்றவர்களுள் ஜாக்சன் பொல்லாக் என்ற இளைஞரும் ஒருவர்.

1947ஆம் ஆண்டில் பொல்லாக், கித்தான் துணியைத் தரையில் விரித்தார். அதைச் சுற்றி நடந்தபடியே, குச்சியிலிருந்தும் காய்ந்த தூரிகையிலிருந்தும் சாயத்தைச் சொட்டவிட்டார். அவர் 1952இல் செய்த ‘நீலக் கம்பங்கள்’ என்னும் படத்தை 1973இல் ஆஸ்திரேலிய அரசாங்கம் 13 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கியது. மக்கள் பணத்தைச் சாய வழிசலுக்குக் கொடுப்பதா என்று அந்நாட்டில் பெரும் கூச்சல் எழுந்தது.

ஆனால், பொல்லாக்கிற்கு முன்னரே இதைச் செய்த ஒரு பெண்மணி உண்டு. அவர் பெயர் ஜேனட் சோபெல். உக்ரேனில் பிறந்து, 1908இல் அமெரிக்காவில் குடியேறி, ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். ஓவியப் பள்ளிக்குச் சென்றவர் அல்லர். நாற்பது வயதைக் கடந்த பின்னரே தூரிகையைத் தொட்டார். கண்ணுக்கு மருந்து விடும் சொட்டுக்குழாயால் எனாமல் சாயத்தைத் துணி முழுவதும் இழையவிட்டார். 1945இல் அவர் செய்த ‘பால்வீதி’ என்னும் ஓவியம் நியூயார்க் நவீன ஓவியக் கூடத்தின் சேகரிப்பில் உள்ளது. சோபெலின் படங்களைப் பொல்லாக் பார்த்ததையும், அவை தம் மனத்தில் பதிந்தன என்று ஒப்புக்கொண்டதையும் கிரீன்பெர்க் என்ற விமர்சகர் எழுதியிருக்கிறார். இருந்தும் என்ன? பொல்லாக் உலகப் புகழ் பெற்றார். சோபெலை ‘ஓர் இல்லத்தரசி’ என்று சொல்லி ஒதுக்கிவிட்டனர். 1968இல் அவர் மறைந்தபோது அவரை நினைத்தவர் சிலரே.

சரி, இம்முறையின் நுட்பம் என்ன? கெட்டியான எண்ணெய்ச் சாயத்தில் டர்ப்பண்டைனையும் சிறிது ஆளிவிதை எண்ணெயையும் கலந்து இளக்க வேண்டும். குச்சியால் தூக்கினால் அறுபடாமல் நூலாக இறங்குவதே சரியான பதம். துணியை நிமிர்த்தி வைத்து மேல் விளிம்பில் சாயத்தை விட்டால் அது கீழ்நோக்கி ஓடும். துணியைச் சாய்த்தால் கோடும் திசை மாறும். படுக்க வைத்தால் ஓட்டம் நிற்கும். தரையில் விரித்த துணியின் மேல் கை வேகமாகச் சென்றால் கோடு மெலியும்; தயங்கினால் தடித்துக் குளமாகத் தேங்கும். டர்ப்பண்டைன் மிகுந்துவிட்டால் எண்ணெயின் பிடிப்புக் குறைந்து, காய்ந்தபின் நிறம் பொடியாக உதிரும். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் மிகுதியாகவும் இருக்க வேண்டும். மாறினால் வெடிப்பு விழும்.

கித்தா மரத்தில் பால் வெட்டியவர்களுக்கு இதைக் கேட்டால் தங்கள் தொழில் நினைவுக்கு வரும். கோட்டின் சாய்வு தவறினால் பால் மங்குக்குப் போகாமல் பட்டையில் வழிந்துவிடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும்; மழை விழுந்தால் பால் நீர்த்துப் போகும். ஒரு திரவம் எப்போது ஓடும், எங்கே நிற்கும் என்பது அவர்களுக்குக் கைப்பாடம்.

நம் பாட்டிமார்களின் மாக்கோலமும் அத்தகையதே. ஊறவைத்த பச்சரிசியை அரைத்து, அதில் துணியைத் தோய்த்து, மோதிர விரல் வழியே மாவை இழையவிட்டு, தரையில் குனிந்து நகர்ந்தபடியே கோலமிட்டார்கள். பொல்லாக் அதைப் பார்த்துக் கற்றார் என்று நாம் சொல்லவில்லை. தரையை ஓவியப் பலகையாக்கி, வழிவதைக் கோடாக்கும் திறமை நம் வாசலிலும் இருந்தது என்றே சொல்கிறோம். காலையில் இட்ட கோலம் மாலைக்குள் மிதிபட்டு அழிந்தது. போட்டவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

நம் நாட்டின் தேசிய ஓவியக் கூடம் 1958இல் தொடங்கப்பட்டது. 1998 முதல் அது செந்தூலுக்கு அருகில், ஜாலான் துன் ரசாக்கை அடுத்த ஜாலான் தெமெர்லோவில் இயங்கி வருகிறது. பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லுங்கள். சாயம் வழிந்திருக்கும் ஒரு படத்தின் முன்னே நிற்க நேர்ந்தால், ‘இது நமக்குப் புரியாது’ என்று நகர்ந்துவிட வேண்டாம். இந்தச் சாயம் எவ்வளவு இளக்கமாக இருந்திருக்கும், துணி எப்படிச் சாய்க்கப்பட்டிருக்கும், கை எங்கே தயங்கியது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் சொல்வார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் இன்னொன்றும் செய்யலாம். பாட்டி இட்ட கோலத்தையும், தாத்தா பட்டறையிலோ பால்காட்டிலோ கற்ற தொழிலையும் கேட்டு, அவர்கள் பெயரோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். சோபெலின் பெயர் இன்று மீண்டும் பேசப்படுவது, அவருடைய படங்களும் அவரைப் பற்றிய எழுத்தும் எஞ்சியிருந்ததால்தான். நம்மவர் பெயரை எஞ்சச் செய்வது நம் கையில் இருக்கிறது.